சேணம் ஏறுமுன்

வியன்னா மாநகரில், ஆஸ்திரியச் சக்கரவர்த்திகள் வாழ்ந்த ஹோஃப்பர்க் அரண்மனையைச் சேர்ந்தாற்போல, ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், 1729-இல் தொடங்கி 1735-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு மண்டபம் இருக்கிறது. வெண்சுதை பூசிய அதன் சுவர்களையும், மாடங்களைத் தாங்கி நிற்கும் 46 தூண்களையும், கூரையிலிருந்து தொங்கும் சரவிளக்குகளையும் பார்க்கிறவர்கள், ராஜகுடும்பத்தார் கூடி நடனமாடுவதற்கென்று எழுப்பப்பட்ட சபை இது என்றே முதலில் எண்ணுவார்கள். கண்ணைத் தரைக்குத் தாழ்த்திய பிறகுதான், அங்கே பளிங்குக்குப் பதிலாக மணல் பரந்திருப்பதைக் கண்டு, இத்தனை அலங்காரமும் குதிரைகளுக்காகச் செய்யப்பட்டது என்பதை உணர்வார்கள். ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி என்பது இதன் பெயர். பழுப்பு நிற அங்கியும் இருமுனைத் தொப்பியும் தரித்த சவாரிக்காரர்கள் உள்ளே நுழைந்ததும் சார்லஸின் திருவுருவப் படத்துக்கு எதிரே தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு, சங்கீதத்தின் தாளத்துக்கு இசைய வெண்ணிறக் குதிரைகளை நடத்துகிறார்கள். அந்தக் காட்சியின் சிகரமாக, ஒரு குதிரை நான்கு கால்களும் தரையை விட்டு நீங்க மேலெழும்பி, அந்தரத்தில் இருக்கும்போதே பின்னங்கால்களை நீட்டி உதைத்துவிட்டு, எழும்பிய இடத்திலேயே வந்து இறங்குகிறது. கூடியிருப்பவர்கள் மெய்ம்மறந்து கரகோஷம் செய்கிறார்கள்.

அவர்கள் பார்த்தது வித்தையின் கடைசி அத்தியாயத்தை. முதல் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டுமானால், ஆடம்பரம் இல்லாத காலை வேளையில் அதே மண்டபத்துக்குப் போக வேண்டும். காலை அப்பியாசத்தைப் பார்க்கவும் பொதுஜனங்களுக்கு அங்கே அனுமதி உண்டு. வெள்ளைக் குதிரைகளுக்கு நடுவே சாம்பல் நிறமோ கருஞ்சாம்பல் நிறமோ உள்ள ஒரு குதிரை தென்பட்டால், அதுவே இளைய மாணாக்கன் என்று அறிந்துகொள்ளலாம். ஏனென்றால் லிப்பித்ஸானர் என்னும் இந்த ஜாதிக் குதிரைகள் கறுப்பாகவோ கபில நிறமாகவோ பிறந்து, வயது ஏற ஏற வெளுத்து, ஏறக்குறைய 6 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையில்தான் வெண்ணிறம் அடைகின்றன. இளைய மாணாக்கனின் முதுகில் எவரும் ஏறியிருக்கமாட்டார். அதன் மூக்குத் தண்டின்மேல் மெத்தை வைத்துத் தைத்த ஒரு பட்டையும், அந்தப் பட்டையின் வளையத்திலிருந்து நீண்டு வரும் ஒரு கயிறும் இருக்கும். கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வட்டத்தின் நடுவே நிற்க, குதிரை அவரைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். பார்ப்பதற்கு அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. ஆயினும் குதிரை சிக்ஷையின் சாரம் முழுவதும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

இந்தக் குதிரைகளின் பூர்விகம், இப்போது ஸ்லோவேனியா தேசத்தில் இருக்கும் லிபித்ஸா என்னும் ஊர். 1580-இல் ஹாப்ஸ்பர்க் வம்சத்தைச் சேர்ந்த ஒரு பிரபு அங்கே ஸ்பானியக் குதிரைகளைக் கொண்டு ஒரு பண்ணையை ஏற்படுத்தினார். முதல் உலக யுத்தத்தில் சாம்ராஜ்யம் சிதைந்துபோன பிறகு, 1920 முதல், ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாகாணத்திலுள்ள பீபெர் என்னும் கிராமத்துப் பண்ணையிலிருந்துதான் வியன்னாப் பள்ளிக்குக் குதிரைகள் வருகின்றன. குட்டி பிறந்து தாயின் மடியை விட்டு விலகாத பருவத்திலேயே, பண்ணையாட்கள் அதன் கழுத்தைத் தடவி, காலைத் தூக்கிப் பார்த்து, தலைக்கயிறு மாட்டித் தாய்க்கு அருகே நடத்தி, மனிதருடைய ஸ்பரிசத்தில் பயப்படுவதற்கு ஒன்றுமில்லை என்பதை அதற்குத் தெரிவித்துவிடுகிறார்கள். அதற்குமேல் எதையும் அவசரப்பட்டுக் கற்பிப்பதில்லை. கோடை காலத்தில் இளங்குதிரைகளை மலைமேல் உள்ள மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிவிடுகிறார்கள். கல்லும் சரிவுமான அந்தத் தரையில் ஓடியாடி, விழாமல் கால் ஊன்றக் கற்று, குளம்பு இறுகி, மார்பு விரிந்து அவை வளர்கின்றன. வியன்னாவுக்கு வரும்போது அவற்றுக்கு ஏறத்தாழ 4 வயது ஆகிவிடுகிறது. நான்கு வருஷங்கள் ஒரு குதிரைக்குத் தீனி போட்டு, ஒரு வேலையும் வாங்காமல் வைத்திருப்பது வியாபாரக் கணக்குக்கு ஒத்துவராத காரியம். பந்தயத் தொழிலில் இந்தப் பொறுமைக்கு இடமே கிடையாது, அங்கே 2 வயதுக் குதிரைகளையே ஓடவிட்டுப் பணயம் வைக்கிறார்கள்.

குதிரையின் சரீர அமைப்பைச் சற்றுக் கவனித்தால், யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது விளங்கும். எலும்புகளின் நுனியில், அவை நீண்டு வளர்வதற்கு ஆதாரமான குருத்தெலும்பு அடுக்குகள் உண்டு. கால் குளம்பருகே உள்ளவை முதலாவதாகவும், முழங்கால்கள் அதற்குப் பின்னரும், முதுகெலும்பின் கணுக்கள் எல்லாவற்றுக்கும் கடைசியாகவும் முற்றுகின்றன. முதுகெலும்பு முற்றி முடிய 5 வயதுக்கு மேலும் ஆகும். அதாவது, மனிதன் உட்காருகிற இடமே கடைசியில் பக்குவமடைகிற இடம். வாயின் கதையும் அதுதான்: இரண்டரை வயதிலிருந்து 5 வயது வரையில் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன, அந்தச் சமயத்தில் ஈறு புண்பட்டிருக்கும் வாயில் இரும்பைத் திணித்து இழுப்பவன், குதிரை தலையைச் சிலுப்புவதைக் கண்டு அதன் முரட்டுத்தனம் என்று சொல்வது பெரிய அநியாயம்.

சரீரத்தைப் போலவே அதன் மனமும் தனிப்பட்ட ஒரு சிருஷ்டி. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகப் பிறந்த பிராணி அது. கொம்பும் கிடையாது, நகமும் கிடையாது. ஓட்டம் ஒன்றே அதற்கு ரட்சை. ஆகையால் ஓட்டத்துக்கு அனுகூலமாகவே அதன் இந்திரியங்கள் யாவும் அமைந்திருக்கின்றன. தலையின் இரு பக்கங்களிலும் பதிந்த கண்களால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க முடிகிறது. நெற்றிக்கு நேர் எதிரே சிறிது தூரமும், வாலுக்கு நேர் பின்னே சிறிது தூரமும்தான் அதன் பார்வைக்கு அகப்படாத இடங்கள். அறியாதவன் குதிரையை நெருங்கும்போது, ஒன்று நேராக நெற்றிக்குக் கையை நீட்டுகிறான், இல்லையென்றால் பின்புறமாக வந்து முதுகைத் தட்டுகிறான். இரண்டும் அதற்குக் கண் தெரியாத இடத்திலிருந்து வருகிற அபாயங்கள். தோளின் பக்கமாக, அது பார்க்கும்படியாக, ஏதாவது பேசிக்கொண்டே நெருங்குவதுதான் முறை. செவிகள் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் திரும்புகின்றன. ஒரு செவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்தில் அதன் கவனம் இருக்கிறது என்று கொள்ளலாம். உடம்பின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தாலும் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து அதை விரட்டுகிறது. இவ்வளவு நுட்பமான தோலுக்கு உதையும் அடியும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த நுட்பத்துக்கு உலகம் அறிந்த சாக்ஷி ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஃபோன் ஆஸ்டன் என்ற ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஹான்ஸ் என்று பெயரிட்ட தமது குதிரைக்குக் கூட்டலும் கழித்தலும் கற்பித்திருப்பதாகச் சொன்னார். கேள்வி கேட்டால் ஹான்ஸ் விடையின் எண்ணிக்கைக்குச் சரியாகக் குளம்பால் தரையைத் தட்டும். 1904-இல் அறிஞர் குழு ஒன்று வந்து பரிசோதித்தும் சூது எதையும் காணவில்லை. பிறகு ஆஸ்கார் ஃப்ஃபுங்ஸ்ட் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் மிகவும் சிரத்தையாகச் சோதித்து, கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரிவதில்லை என்பதைக் கண்டுபிடித்து, 1907-இல் நூலாக வெளியிட்டார். தட்டுகள் சரியான எண்ணை எட்டியதும், கேட்டவர் தம்மையும் அறியாமல் தலையை இம்மியளவு அசைத்துவிடுகிறார். அந்த அசைவைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்துகிறது. ஹான்ஸுக்குக் கணக்கு வராது என்று தெரிந்ததும் ஊரார் சிரித்தார்கள். மனிதன் தனக்கே தெரியாமல் செய்கிற ஒரு அசைவைக் குதிரை படித்துவிடுகிறது என்பது, அது கணக்குப் போடுவதைக் காட்டிலும் பெரிய ஆச்சரியம் அல்லவா? வட்டத்தின் நடுவே நிற்கிற ஆசானுடைய தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, மூச்சு எப்போது தங்குகிறது, பாதம் எப்போது முன்னே வருகிறது என்பவற்றையெல்லாம் இளங்குதிரை ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கிறது. கோபத்தை மறைத்துக்கொண்டு அதனிடம் போக முடியாது.

இனி, அந்தக் கயிற்றுக்கு வருவோம். முதிர்ந்த குதிரை ஏறக்குறைய 500 கிலோ எடை உள்ளது. அதைப் பிடிக்கிற மனிதன் 60 அல்லது 70 கிலோ. இருவரும் இழுத்துப் பார்த்தால் யார் ஜயிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குதிரைக்கு அது தெரியாமல் இருக்கிற வரையில்தான் மனிதனுக்குப் பிழைப்பு. அதனால் அனுபவஸ்தன் இழுப்பதில்லை. பிடிகயிற்றைச் சற்றே இறுக்கி, அந்த இறுக்கத்தை அதிகப்படுத்தாமலும் குறைக்காமலும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். குதிரை முதலில் தலையை உயர்த்தும்; பக்கத்தில் திருப்பிப் பார்க்கும்; பின்னுக்கு ஒருமுறை வலிக்கும். கை அசையாது. கடைசியில், இந்த அசௌகரியத்திலிருந்து விடுபட வழி தேடி, அது முன்பக்கமாக ஒரு விரற்கடை சாயும். அந்த க்ஷணமே கயிறு தளர்ந்துவிட வேண்டும். ஒரு அடி எடுத்து வைக்கும் வரையில் பார்க்கலாம், இரண்டு அடி வரட்டும் என்று பேராசைப்பட்டால் பாடம் கெட்டுப்போகும். ஏனெனில் குதிரைக்குப் பாடமாவது இறுக்கம் அன்று, தளர்ச்சி. எந்தச் செய்கையின் முடிவில் கயிறு தளர்ந்ததோ, அந்தச் செய்கைதான் சரி என்று அது மனத்தில் பதித்துக்கொள்கிறது. தலையைச் சிலுப்பிய வேளையில் கை அயர்ந்து தளர்ந்திருந்தால், சிலுப்புவதே சரி என்று பதிந்துவிடும். இளங்குதிரைகளின் கெட்ட பழக்கங்களில் பெரும்பாலானவை இப்படித் தவறான வேளையில் தளர்ந்த கைகள் கற்பித்தவையே. குற்றம் குதிரையின் பேரில் எழுதப்பட்டாலும் ஆசிரியர் வேறு.

இதே முறையில்தான் மற்றப் பாடங்களும். விலாவில் விரல் நுனியை வைத்து மெல்ல அழுத்தினால் பின்பாகத்தை ஒதுக்க வேண்டும். தோளில் வைத்தால் முன்பாகத்தை ஒதுக்க வேண்டும். மார்பில் வைத்தால் பின்னடி வைக்க வேண்டும். உச்சந்தலையில் கை வைத்தால் தலையைத் தாழ்த்த வேண்டும். பிற்காலத்தில் சேணத்தின்மேல் அமர்ந்திருப்பவனுடைய கால் சொல்லப்போகிற சமாசாரத்தை இப்போது தரையில் நின்றபடி விரல் சொல்லிவைக்கிறது. இவற்றோடு நான்கு கால்களையும் முறையே தூக்கிக் கொடுப்பதையும், கட்டாமல் விட்டாலும் நின்ற இடத்தில் நிற்பதையும் சேர்த்துக்கொண்டால், லாடம் அடிக்கிறவனும் வைத்தியனும் பிற்பாடு வாழ்த்துவார்கள். தயவு வேறு, செல்லம் வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மனிதனைத் தோளால் இடித்துக்கொண்டு நுழையும் குட்டியையும், சட்டைப் பையைக் கடித்து இனிப்புத் தேடும் குட்டியையும் கண்டு மகிழ்ந்துபோய் விட்டுவிடுகிறவர்கள், அது வளர்ந்து 500 கிலோ ஆனபின் அதே விளையாட்டை விளையாடும்போது சவுக்கைத் தேடி ஓடுகிறார்கள். வியன்னாவிலும் சவாரிக்காரர்களுடைய அங்கியின் பின்மடிப்பில் சர்க்கரைக் கட்டிக்கென்று ஒரு பை இருக்கிறது. செய்த காரியத்துக்குச் சம்பாவனையாக அது கிடைக்குமே தவிர, கேட்டதற்காகக் கிடைப்பதில்லை.

வட்டம் விடுகிற அப்பியாசத்தில் ஆசானும் குதிரையும் கயிறும் சவுக்கும் சேர்ந்து ஒரு முக்கோணமாக அமைகின்றன. ஒரு கையிலிருந்து கயிறு குதிரையின் மூக்குப்பட்டைக்குப் போகிறது. மறு கையிலுள்ள நீண்ட சவுக்கு அதன் பின்னங்காலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அடிப்பதற்காக அன்று, சுட்டிக்காட்டுவதற்காகவே அந்தச் சவுக்கு. அதற்குப் பயந்து வால் சுழற்றும் குதிரையை வைத்திருப்பவன் தொழில் தெரியாதவன் என்று தாராளமாகத் தீர்மானிக்கலாம். நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் என்ற மூன்று கதிகளையும் குரலினாலேயே மாற்றப் பழக்குகிறார்கள்; ஏறுவதற்குக் குரல் உயர்கிறது, இறங்குவதற்கு நீண்டு தாழ்கிறது. மனிதரில் வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் இருப்பதுபோலக் குதிரைகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வளைவதற்கு எளிதாயும் மறுபக்கம் கடினமாயும் இருக்கும். அதனால் இடப்பக்கமாகச் சுற்றக் கற்ற பாடத்தை வலப்பக்கத்தில் முதலிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கிறது. கீர்த்தனை பாட ஆசைப்பட்டு வந்த சிறுவனை மாதக்கணக்கில் சரளி வரிசையிலேயே நிறுத்தி வைத்திருக்கிற பாட்டு வாத்தியாரைப்போல, ஆசான் இந்த வட்டத்தை விட்டு அசையமாட்டார். சிறிய வட்டம் இளமூட்டுகளுக்குச் சிரமம் தருவதால், ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரத்தோடு நிறுத்திவிடுவதும், பெரிய வட்டமாகவே விடுவதும் வழக்கம். நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே பாடத்தை முடித்துவிடுவதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். மறுநாள் அது உற்சாகத்தோடு வரும்.

பதற்றம் தணிந்ததற்கு அடையாளங்கள் உண்டு. தலை தாழ்கிறது, மூக்கிலிருந்து நீண்ட பெருமூச்சு ஒன்று வருகிறது, வால் இறுக்கம் நீங்கித் தாராளமாக ஆடுகிறது, உதடுகளை நக்கிக்கொண்டு வாய் மெல்லத் தொடங்குகிறது. இந்த மெல்லுதலைப் பார்த்து, குதிரை பாடத்தைப் புரிந்துகொண்டதென்றும் மனிதனைத் தலைவனாக ஏற்றுக்கொண்டதென்றும் சிலர் வியாக்கியானம் செய்கிறார்கள். பயத்தினால் உலர்ந்துபோன வாயில் மறுபடியும் ஈரம் ஊறுவதன் அறிகுறி என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அப்படியானால், அடிக்கடி மெல்லுகிற குதிரை அடிக்கடி பயந்த குதிரை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மணி நேரத்தில் முரட்டுக் குதிரையை அடக்கிக் காட்டுகிறேன் என்று மேடை போடுகிறவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தைச் சேர்ந்த ஜான் ராரே என்பவர் இங்கிலாந்துக்கு வந்து, 1858-இல், கடிப்பதும் உதைப்பதுமாக யாரையும் அருகே அண்டவிடாதிருந்த க்ரூஸர் என்னும் குதிரையைச் சாதுவாக்கிக் காட்டி, விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் தம் வித்தையை நடத்திப் பெரும் புகழ் அடைந்தார். முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரினால் கட்டிவிட்டு, குதிரை களைத்துத் தானே கீழே படுக்கும் வரையில் விட்டு, படுத்ததும் அன்பாகத் தடவிக் கொடுப்பது அவருடைய உபாயம். அடித்து நொறுக்குகிற அந்தக் காலத்து முறைகளோடு ஒப்பிட்டால் இது கருணைதான். ஆனால் வேறு வழியின்றிச் சரணடைந்த பிராணிக்கும், விஷயம் விளங்கிச் சம்மதித்த பிராணிக்கும் உள்ள வித்தியாசம், பார்க்கிற கூட்டத்துக்குத் தெரியாது. இக்காலத்தில் வட்ட வேலிக்குள் குதிரையை விட்டுத் துரத்தித் துரத்தி, அது களைத்து அருகே வந்து நிற்பதை நட்பு என்று காட்டுகிறவர்களிடமும் இந்தச் சந்தேகம் எனக்கு உண்டு.

மெதுவான வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அன்று. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 1,350 ஆண்டுகளுக்கு முன்பே, மிதன்னி தேசத்துக் கிக்குலி என்பவர் தேர்க் குதிரைகளைப் படிப்படியாகப் பழக்கும் முறையை, நாள் நாளாக, எவ்வளவு தூரம் ஓட்டுவது, எப்போது தீனி கொடுப்பது, எப்போது குளிப்பாட்டுவது என்று வகுத்துச் சொன்னது, துருக்கியில் உள்ள ஹட்டூசா நகரின் களிமண் ஏடுகளில் அகப்பட்டிருக்கிறது. சுற்றுகளைக் குறிக்க அவர் வழங்கும் சொற்களில் பஞ்ச, சப்த முதலிய எண்ணுப் பெயர்களின் உருவம் நம்மவர் காதுக்கு உடனே பிடிபடும். கிரேக்க தேசத்துச் செனபோன், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் எழுதிய குதிரையேற்ற நூலில், கோபம் கொண்ட நிலையில் குதிரையை அணுகலாகாது என்று விதித்திருக்கிறார். நம் தேசத்திலோ, அசுவ ஹிருதயம் அறிந்த நளனும், விராடன் லாயத்தில் குதிரைகளைப் பேணிய நகுலனும் கதையில் வருகிறவர்கள். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் ஒன்றைத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் 1952-இல் படங்களுடன் அச்சிட்டு வெளியிட்டது.

இடையிலே ஐரோப்பாவில் ஒரு கொடிய காலமும் இருந்தது. 1550-இல் நேப்பிள்ஸ் நகரத்து கிரிஸோனே வெளியிட்ட நூல் பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டு எங்கும் பரவிற்று. முன்னே நகர மறுக்கிற குதிரைக்குக் கழியில் பூனையைக் கட்டி வயிற்றருகே பிடிப்பது போன்ற யுக்திகள் அதில் உண்டு. பிரான்சு தேசத்தில் பதின்மூன்றாம் லூயி மன்னருக்குக் குதிரையேற்றம் கற்பித்த ப்ளூவினெல், இதற்கு மாறாக, குதிரையின் புத்தியைப் பயிற்றுவதே முக்கியம் என்று கொண்டார். அவருடைய நூல் அவர் இறந்த பின் 1623-இல் வெளியாயிற்று. இரண்டு தூண்களுக்கு நடுவே குதிரையை நிறுத்தி, மேலே எவரும் ஏறாமல், இருந்த இடத்திலேயே அடி எடுத்து வைக்கப் பழக்குகிற முறையைப் பிரபலப்படுத்தியவர் அவர்தாம். அவருக்கு நூறு வருஷங்களுக்குப் பின், 1733-இல், கெரினியேர் என்பவர் எழுதிய நூல்தான் இன்றளவும் வியன்னாப் பள்ளிக்குப் பிரமாண நூல். அங்கே 1939 முதல் 1964 வரை அதிபராயிருந்த பொட்ஹைஸ்கி, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். இரண்டாம் உலக யுத்த முடிவில் குதிரைகளை அழிவிலிருந்து காப்பாற்ற அமெரிக்க சேனாதிபதி பேட்டனின் உதவியை நாடியவர். தம் குதிரைகளைத் தம் ஆசிரியர்கள் என்றே பெயரிட்டு அவர் ஒரு புத்தகம் எழுதினார்.

சேணம் வைப்பதையும் ஒரு நாளில் முடிப்பதில்லை. முதலில் ஒரு துணியை முகரக் கொடுத்து, கழுத்திலும் முதுகிலும் வைத்து எடுக்கிறார்கள். பிறகு சேணத்தையே வைத்து எடுக்கிறார்கள். வயிற்றுவாரை ஒரு துளை இறுக்கி, சிறிது நடத்தி, இன்னொரு துளை இறுக்குகிறார்கள். ஒரேயடியாக இறுக்கிவிட்டால் மார்பைச் சுற்றி ஏதோ கவ்வியதாக எண்ணிக் குதிரை துள்ளும். அந்தத் துள்ளலின் ஞாபகம் பல வருஷங்களுக்குப் போகாது. கடிவாள இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இயற்கையாக உள்ள இடைவெளியில் பொருந்துகிறது. வார்கள் எதையும் பூட்டாமல், இரும்பை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு திரியச் சிறிது காலம் விடுகிறார்கள். இவையெல்லாம் சகஜமான பிறகு, ஒருவர் நீண்ட கயிற்றைப் பிடித்திருக்க, மற்றொருவர் முதலில் குறுக்கே சாய்ந்து தம் பாரத்தை உணர்த்தி, இறங்கி, மறுபடியும் சாய்ந்து, பிறகே காலைப் போட்டு அமர்கிறார். தரையில் நின்றவரின் குரலுக்கு நடந்து பழகிய குதிரை, முதுகில் ஏறியவரைப் பொருட்படுத்தாமல் அதே குரலுக்கு நடக்கிறது. நாளடைவில் குரலின் வேலையைக் காலும் உட்காரும் நிலையும் ஏற்றுக்கொள்கின்றன.

வியன்னாவில் ஒரு நியதி உண்டு: அனுபவம் முதிர்ந்த சவாரிக்காரர்களே இளங்குதிரையைப் பழக்குவார்கள், புதிதாக வந்த மாணவன் முதிர்ந்த குதிரையிடம் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த மாணவனையும் அங்கவடி இல்லாமல், கடிவாள வாரும் கையில் இல்லாமல், நீண்ட கயிற்றில் வட்டம் விடுகிறார்கள்; உடல் நிலைபெறும் வரையில் அவன் கையில் எதையும் கொடுப்பதில்லை. முழுத் தேர்ச்சி பெற்ற சவாரிக்காரராக அவனுக்கு 8 முதல் 12 வருஷங்கள் செல்லும். பல நூற்றாண்டுகள் ஆண்களுக்கே உரியதாயிருந்த இந்தப் பயிற்சியில் 2008-இல்தான் பெண்கள் சேர்ந்தார்கள். குதிரையோ, முதல் வருஷம் நேராக முன்னோக்கிப் போவதையே கற்று, பின்னர் வளைவுகளும் திருப்பங்களும் பழகி, அதன்பின்பே உயர்ந்த பாடங்களுக்குத் தகுதி பெறுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்தரத் தாவலையும் பின்னங்காலில் அமர்ந்து முன்பாகத்தை உயர்த்தும் வித்தையையும் முதன்முதலில் கற்பிக்கும்போதும் முதுகில் ஆள் கிடையாது. ஆசான் பக்கத்தில் நடந்துகொண்டே, கையில் பிடித்த கயிற்றினால் கற்பிக்கிறார். எல்லாக் குதிரைகளுக்கும் அது வருவதில்லை. எதற்கு எது இயல்பாக வருகிறதோ அதைக் கண்டுபிடித்து அதையே வளர்க்கிறார்கள்.

நம் ஊர்களிலும் இப்போது தோப்பு வீடுகளில் குழந்தைகளுக்காக மட்டக் குதிரை வாங்குகிறவர்களும், மார்வாரி, கத்தியவாரி ஜாதிக் குதிரைகளை வடக்கேயிருந்து தருவித்து வளர்க்கிறவர்களும் பெருகிவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்கிறவன் குதிரையை ஓட்டிக் காட்டவும் பின்னங்காலில் நிற்க வைக்கவும் ஆசைப்படுவான். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கயிறு தொய்ந்திருக்கும்போது அது கூட நடந்து வருகிறதா, நிறுத்தினால் நிற்கிறதா, நான்கு கால்களையும் தூக்கிக் கொடுக்கிறதா, உச்சந்தலையில் கை வைத்தால் தலையைத் தாழ்த்துகிறதா என்று மட்டும் பாருங்கள். இவை தெரியாத 3 வயதுக் குட்டியானால், வாங்கிய பிறகும் ஆறு மாதம் எவரையும் ஏறவிடாமல் தரையிலேயே பழக்குவதற்கு ஆளும் அவகாசமும் உங்களிடம் இருக்கிறதா என்று யோசியுங்கள். இல்லையென்றால் முன்பே பழகிய, 8 அல்லது 10 வயதான குதிரையை வாங்குவது உங்களுக்கும் நல்லது, குட்டிக்கும் நல்லது.